எந்த அட்டை நம் கடையுடையது? மருந்து விற்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டில் சில்லறை மருந்துக் கடை நடத்தும் உரிமையாளர்கள், அங்கே பணிபுரியும் பதிவுபெற்ற மருந்தாளுநர்கள், மாவட்டச் சங்கங்களின் பொறுப்பாளர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நான் 28 ஆண்டுகளாகத் திருப்பூர்ப் பக்கம் ஒரு சிறிய மருந்துக் கடையை நடத்தி வருகிறேன். வலிக்கும் தூக்கத்திற்கும் இருமலுக்கும் நாம் விற்கும் மருந்துகள் நம் ஊர் இளைஞர்களின் கையில் போதைப்பொருளாக மாறியிருப்பது உங்களுக்குத் தெரியாத செய்தியன்று. அதைத் தெரிந்துகொண்டே நாம் என்ன செய்து வருகிறோம் என்பதைப் பற்றித்தான் இந்த மடல். கஞ்சாவைப் பற்றிக் காவல்துறைக்கும் மதுவைப் பற்றி அரசுக்கும் எழுதப் பலர் இருக்கிறார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் நமக்கு எழுத நம்மில் ஒருவர்தான் முன்வர வேண்டியிருக்கிறது. என் பெயரையும் கடையின் பெயரையும் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால், கீழே நான் சொல்லப்போகும் பையன் யாரென்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை. பனியன் கம்பெனிகளில் சம்பளம் போடும் நாள் என்பதால் கடையில் கூட்டம். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றிருந்த ஓர் அம்மா, பிறகு வந்து தம் மஞ்சள் பையிலிருந்து காலி மாத்திரை அட்டைகளை மேசைமேல் எடுத்து வைத்தார். எண்ணிப் பார்த்தேன், 11 அட்டைகள். வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் கலந்திருந்தன. மகனின் மெத்தைக்கு அடியில் கிடந்தனவாம். "இதுல உங்க கடையில வாங்குனது எதுன்னு பாத்துச் சொல்லுங்கண்ணா" என்றார். குரலில் கோபமில்லை. இந்தத் தெருவில் இருக்கும் கடைகள் ஒவ்வொன்றிலும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

முழு அட்டையாக விற்றால், ஆலையில் ஒரே தடவையில் தயாரான மருந்துக்கு இடும் பேட்ச் எண் அதிலேயே தங்கிவிடும், கத்தரித்து விற்றால் எண் ஒரு துண்டோடு போய்விடும் என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. அந்த 11இல் பெரும்பாலானவை முழு அட்டைகள். கொள்முதல் பில்களைப் புரட்டி ஒப்பிட்டபோது 4 அட்டைகளின் எண்கள் எனக்கு வந்த சரக்கோடு பொருந்தின. அதே பேட்ச் வேறு கடைகளுக்கும் போயிருக்கும் என்று உடனே ஒரு எண்ணம் வந்தது. அது வந்த வேகத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. பிறகு, தூக்க மாத்திரை போன்ற கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளை யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதிவைக்கும் எச்1 பதிவேட்டைத் திறந்தேன். அந்த அட்டைகளுக்கு எதிரே ஒரு மருத்துவரின் பெயரும் ஒரு முதியவரின் பெயரும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. எழுதியவன் நான்தான். மாதக் கடைசியில் கையிருப்பைச் சரிக்கட்டுவதற்காக உட்கார்ந்து, ஏற்கெனவே வந்த மருத்துவர் சீட்டுகளிலிருந்து பெயர்களை எடுத்து நிரப்பியிருக்கிறேன். மேசையில் நின்று அந்த 19 வயதுப் பையனுக்கு மாத்திரையைக் கொடுத்தது கடையில் வேலை பார்த்த இன்னொரு பையன். அவனுக்கு மருந்தியல் தெரியாது. நான் அப்போது கடையில் இல்லை. சுவரில் என் பதிவுச் சான்றிதழ் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அட்டைகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்.

இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு, நம் கடையில் அப்படி நடப்பதில்லை என்று தோன்றலாம். நடக்காத கடைகள் நிறைய உண்டு என்பதை நான் அறிவேன், அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் வாங்க வருபவரை அடையாளம் காண்பது கடினம் என்று நம்மில் யாராவது சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன். பத்து ஆண்டுகள் மேசையில் நின்றவருக்கு, ஆள் படியேறும்போதே பாதி தெரிந்துவிடும். தேதி மட்டும் மாற்றிய ஜெராக்ஸ் சீட்டோடு ஒருவன் வருவான். பாட்டிக்கு முதுகுவலி என்பான், பாட்டியின் வயதைக் கேட்டால் திணறுவான். மாத்திரையின் வணிகப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் மருத்துவரைவிடச் சரியாகச் சொல்வான், ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று கேட்டால் பதில் இருக்காது. கால்மணி நேர இடைவெளியில் மூன்று பேர் தனித்தனியே வந்து ஒரே மாத்திரையைக் கேட்பார்கள், வண்டி ஒன்றுதான் வெளியே நிற்கும். வலி மாத்திரை ஓர் அட்டை, சிரிஞ்சு ஐந்து, ஊசிக்குக் கலக்கும் தண்ணீர்க் குப்பி இரண்டு என்று ஒரே பில்லில் கேட்பவனுக்கு நோயாளி யாரும் வீட்டில் படுத்திருக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எந்தக் கண்காணிப்புக் கேமராவும் தேவையில்லை. பல மாவட்டங்களில் ஆட்சியர்கள் மருந்துக் கடைகளில் கேமரா பொருத்தச் சொல்லி உத்தரவிட்டார்கள், நாமும் பொருத்திவிட்டோம். என் கடையிலும் ஒன்று கல்லாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நடந்து முடிந்ததைக் காட்டத்தான் அதனால் முடியும்.

அந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்பதை நம் தொழிலில் இருப்பவர்களுக்கே நினைவூட்ட வேண்டியிருப்பது வருத்தத்திற்குரியது. நாம் 'வலி மாத்திரை' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பாராசிட்டமாலும் வலி மாத்திரைதான், டிரமடாலும் டாபென்டடாலும் வலி மாத்திரைதான். பின்னவை இரண்டும் ஆலையில் செய்யப்பட்டவையாயினும், மூளையில் அபினும் மார்ஃபினும் போய் உட்காரும் அதே இடங்களில் உட்காருகின்றன. தொடர்ந்து எடுப்பவருக்கு நேற்றைய அளவு இன்று போதாமல் போகிறது. சில வாரங்களில் அவர் சுகத்திற்காக அதை எடுப்பதில்லை. எடுக்காவிட்டால் மூக்கும் கண்ணும் ஒழுகும், கொட்டாவி அடங்காது, மயிர் குத்திட்டு நிற்கும், வயிற்றுப்போக்கு கண்டு, எலும்பை முறித்துப் போடுவது போல் உடம்பு வலிக்கும். அதிலிருந்து தப்பிக் காலையில் வேலைக்குப் போவதற்கே அவருக்கு மாத்திரை வேண்டியிருக்கிறது. காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போது வெளியே நிற்பவனை "போதைக்கு அலைகிறான்" என்று நாம் திட்டுகிறோம், அவன் அப்போது நடுங்கிக்கொண்டிருக்கிறான்.

பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றுபவரின் நிலை இதைவிடக் கொடியது. விழுங்குவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரையில் மருந்தோடு டால்க், மாவுப்பொருள், செல்லுலோஸ் என்று தண்ணீரில் கரையாத பல இருக்கின்றன. அவை இரத்த நாளத்தின் வழியே போய் நுரையீரலின் நுண்குழாய்களில் தங்கிவிடுகின்றன. குத்திய இடம் சீழ் பிடிக்கிறது, ஊசி ஏறிய இரத்த நாளம் சுருண்டு அடைபடுகிறது, தவறித் தமனியில் ஏறினால் விரல்கள் கறுத்து அழுகுகின்றன. ஒரே ஊசியை நான்கு பேர் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் சி, ஹெபடைடிஸ் பி, எச்ஐவி ஆகியவை கூடவே வருகின்றன. இந்த மாத்திரையோடு சாராயமோ தூக்க மாத்திரையோ சேரும்போது, மூச்சை நடத்தும் மூளைப் பகுதி மெல்ல மெல்ல மந்தமாகி, தூங்குவதாக மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிடுகிறது. குறட்டைபோல் ஒரு சத்தம், குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிய கண்மணி, நீலம் பாய்ந்த உதடு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் தூங்கட்டும் என்று விடாமல் 108க்கு அழைக்க வேண்டும் என்பதை, அவனோடு சேர்ந்து மாத்திரை போடும் நண்பர்களுக்குச் சொல்ல இன்று ஆளில்லை.

இது புதிய கதையுமன்று. 1990களில் சென்னையில், ஹெராயினைப் புகைத்துக்கொண்டிருந்தவர்களில் பலர் மருந்துக் கடையில் கிடைத்த, அபின் வகை வலி மருந்தான புப்ரினார்ஃபின் ஊசிக்கு மாறினார்கள். வடகிழக்கு மாநிலங்களில் டெக்ஸ்ட்ரோபுரொபாக்சிஃபின் என்ற அதே வகை வலி மருந்து கலந்த கேப்ஸ்யூலைப் பிரித்து உள்ளிருந்ததை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்களில் சிலர் சீழ்க்கட்டிகளால் கைகால்களை இழந்தார்கள். டிரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது, அதன்பிறகு டாபென்டடாலைக் கேட்டு வருபவர்கள் அதிகமானதை நாம் கண்ணால் பார்த்தோம். இப்போது நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலினையும் கேட்கிறார்கள். சட்டம் ஒன்றை இறுக்கும்போதெல்லாம் வாங்குபவர் அடுத்த மருந்துக்கு நகர்கிறார், அதையும் அதே மேசையில்தான் வந்து கேட்கிறார்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வில், 10 முதல் 75 வயதுக்கு உட்பட்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர் மருந்து வகை ஓபியாய்டுகளை (அபினைப் போல் வேலை செய்யும் வலி மருந்துகளை) பயன்படுத்துவதாகவும், தூக்க மருந்துகளை மருத்துவத் தேவையின்றி எடுப்பவர்களும் ஏறத்தாழ அதே அளவினர் என்றும் கணக்கிட்டிருந்தார்கள். போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் 20 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெறுகிறார் என்பதும் அதே ஆய்வின் கணக்கு. மற்ற 19 பேரையும் எந்த மருத்துவரும் பார்த்திருக்க மாட்டார். மாத்திரை போடுபவர்களாயின், அவர்களில் பலரை நம்மில் ஒருவர் பார்த்திருப்போம்.

இனிச் சட்டத்திற்கு வருகிறேன். கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான அட்டவணை எச்1 நடைமுறைக்கு வந்தது 2014 மார்ச் 1ஆம் நாள். எழுதிக் கொடுத்த மருத்துவரின் பெயர், நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தப் பதிவேட்டை நாம் யாருக்காக எழுதுகிறோம்? என் வரையில், மருந்து ஆய்வாளர் வரும் நாளுக்காகத்தான் எழுதி வந்தேன். ஒரே பெயர் ஒரே மாதத்தில் மூன்று முறை வந்திருக்கிறதா, இன்ன மருத்துவரின் சீட்டு மட்டும் ஏன் இத்தனை என்று அதைத் திரும்பப் படித்துப் பார்த்ததே இல்லை. அந்த அம்மா வந்துபோன பிறகு ஓர் இரவு உட்கார்ந்து பழைய பக்கங்களைப் படித்தேன். நான் இட்டுக்கட்டி எழுதாத பக்கங்களிலேயே, பார்த்திருந்தால் பிடித்திருக்கக்கூடிய 6 பேர் இருந்தார்கள்.

சான்றிதழை வாடகைக்கு விடும் வழக்கத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய அட்டவணை எச் மருந்துகளைப் பதிவுபெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. படித்துப் பட்டயம் வாங்கிய ஒரு பிள்ளை, வேறு ஊரில் வேறு வேலை பார்த்துக்கொண்டே மாதம் ஒரு தொகைக்குத் தன் சான்றிதழை ஒரு கடையில் தொங்கவிடுகிறது. வாங்குபவர் யார் என்று பார்க்கும் ஒரே ஒரு படித்த கண்ணும் அந்தக் கடையில் இல்லாமல் போகிறது. இது சங்கக் கூட்டங்களில் எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் எழுப்பாத பொருள். 'நான் தராவிட்டால் அடுத்த கடைக்காரர் தரத்தான் போகிறார்' என்ற பேச்சையும் அங்கேதான் கேட்டிருக்கிறேன். கூரியரில் வெளிமாநிலச் சரக்கு வருவதும், அச்சிட்ட விலையைப்போல் பல மடங்குக்கு ஒற்றை மாத்திரை கைமாறுவதும் உண்மை. அந்தக் கும்பலை நாம் பிடிக்க முடியாது. நம் கடையிலிருந்து போகும் அட்டை எங்கே போகிறது என்பது மட்டும் நம் பொறுப்பில் இருக்கிறது.

ஆனால் நான் இந்த மடலை எழுதத் துணிந்தது, 'விற்காதீர்கள்' என்று சொல்வதற்காக மட்டுமல்ல. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நானும் அதைத்தான் செய்தேன். சந்தேகம் வந்தால் "இல்லை, போ" என்று கையை வீசினேன், அது கடமை முடிந்தது போன்ற ஒரு நிறைவைக் கூடத் தந்தது. பிறகு ஒரு நாள், ஆண்டுக்கணக்கில் தூக்க மாத்திரை எடுத்துவந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவரைச் சீட்டு பழையது என்று திருப்பி அனுப்பினேன். மூன்றாம் நாள் அவர் வலிப்பு வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அல்பிரசோலம், நைட்ரசீபம் போன்ற தூக்க மருந்துகளை நெடுநாள் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பது நாம் தேர்வுக்குப் படித்ததுதான். தினமும் மிகுதியாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தும்போது இரண்டு மூன்று நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிர்போகும் ஆபத்துகூட உண்டு என்பதையும் படித்திருக்கிறோம். திருப்பி அனுப்பும் அந்த நிமிடத்தில் இவையெல்லாம் நமக்கு மறந்துபோகின்றன.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் தந்தைக்காகச் சரியான சீட்டோடு வரும் மகளிடம், வம்பு எதற்கு என்று "ஸ்டாக் இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். மார்ஃபின் போன்ற மருந்துகள் நோயாளிகளுக்கு எட்டாமல் போகின்றன என்பதற்காகவே 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தினார்கள். அபினைக் கண்டு அஞ்சும் நம் அச்சம், வலியில் துடிப்பவரின் தலையில் விடியக் கூடாது. சீட்டைச் சரிபார்த்து, மருத்துவரிடம் தொலைபேசியில் ஒரு சொல் கேட்டுவிட்டுக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். (மருத்துவர்கள் கையெழுத்தைச் சற்றுத் தெளிவாக எழுதினால் அந்த ஐந்து நிமிடமும் மிச்சம்; அது வேறு மடலுக்கான பொருள்.)

மாத்திரையை மறுக்கும்போது கூடவே ஒரு வழியையும் காட்டவேண்டும் என்பதே நான் உங்களிடம் கேட்பது. அந்த வழி தொலைவில் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டுக்கும் கட்டணமில்லை. ஓபியாய்டுக்கு அடிமையானவருக்கு, உடல் உபாதை அதிகம் தெரியாமல் அளவோடு இறக்கிக்கொண்டுவரவும் மீண்டும் தேடிப்போகாமல் தாங்கிப் பிடிக்கவும் மருந்துகள் இருக்கின்றன. 1990களில் சென்னையின் சந்துகளில் ஊசியில் ஏறிய அதே புப்ரினார்ஃபின், இன்று மருத்துவரின் கண்காணிப்பில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையாகச் சிகிச்சைக்குப் பயன்படுகிறது. ஊசியால் ஹெபடைடிஸ் சி வந்திருந்தால், அதையும் சில மாத மாத்திரைகளில் குணப்படுத்தலாம், அரசுத் திட்டத்தில் இலவசமாகவே.

போலீசுக்குப் பயந்து பெற்றோர் மறைக்கிறார்கள் என்பது அடுத்த தடை. போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985, பயன்படுத்துவதையும் தண்டிக்கிறது என்பது உண்மை. பொருளைப் பொறுத்து ஆறு மாதம் வரையோ ஓராண்டு வரையோ சிறை விதிக்க 27ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, அடிமைப்பட்ட ஒருவர் அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தாமாக முன்வந்து சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், பயன்படுத்தியதற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் அவர்மேல் வழக்கு நடத்தக் கூடாது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு விலக்கப்படலாம். இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொண்ட எத்தனை தாய்மார்கள் நம் ஊரில் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். என் கடைக்கு வந்த அம்மாவுக்கும் தெரியாது. அன்று எனக்கும் தெரியாது.

அரசு மருத்துவமனையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 'மறுவாழ்வு மையம்' என்று பலகை மாட்டிய இடங்களெல்லாம் சிகிச்சை தருவதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்றே கொள்கிறது. அத்தகையோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். எந்த வடிவிலும் ஒருவரைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகியதை மறக்காத மாநிலம் இது. பெற்றோர் நம்மிடம் விசாரித்தால், பதிவெண் இருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா என்று கேட்கச் சொல்லுங்கள்.

சிகிச்சை முடித்து வந்தவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு மறுபடி சர்க்கரை கூடினால் நாம் அவரை ஒழுக்கம் கெட்டவர் என்று பேசுவதில்லை. போதையிலிருந்து மீண்டவர் மறுபடி வழுக்கினால் மட்டும் "இவன் திருந்தமாட்டான்" என்று முடித்துவிடுகிறோம். சில வாரங்கள் விலகியிருந்த உடம்பு, முன்பு தாங்கிய அளவை இப்போது தாங்காது. மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளிவந்த முதல் நாள்களில் பழைய அளவையே எடுத்துப் பலர் இறந்துபோவது அதனால்தான். அந்த நாள்களில் பழைய வாடிக்கையாளர் நம் மேசைக்கு வந்தால், அதை அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பார், ஆனால் காதில் விழுந்திருக்கும்.

மாவட்டச் சங்கங்களின் பொறுப்பாளர்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த பொதுக்குழுவில் விலைக்கழிவையும் இணையவழி மருந்து விற்பனையையும் பேசி முடித்தபின், சான்றிதழ் வாடகையை ஒரு பொருளாக நிகழ்ச்சி நிரலில் வையுங்கள். பேசத் தயங்குபவர்கள் இருப்பார்கள், நான் முதலில் எழுந்து என் கதையைச் சொல்கிறேன். அடுத்தது, ஓபியாய்டு மிகையால் மூச்சு அடங்கியவரைச் சில நிமிடங்களில் மீட்கும் நாலாக்சோன் ஊசி வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும் என்று சங்கத்தின் பெயரால் சுகாதாரத் துறைக்கு எழுதுங்கள். நம் தொழிலின் வாயிலாகப் போன மருந்துக்கு மாற்று மருந்தைக் கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

என் கடையில் இப்போது நான் இருக்கும் நேரத்தில் மட்டுமே எச்1 மருந்துகளைக் கொடுக்கிறோம். மாலை ஆறரைக்கு நான் வீட்டுக்குப் போகும்போது அந்த அலமாரியின் சாவி என்னோடு வந்துவிடுகிறது. வியாபாரம் சற்றுக் குறைந்தது, மறைப்பதற்கில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் விசிட்டிங் கார்டு அளவுக்குச் சீட்டுகள் அடித்து வைத்திருக்கிறேன். இரண்டு தொலைபேசி எண்களும், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு நடக்கும் கிழமைகளும், 64ஏ பிரிவைப் பற்றி இரண்டு வரியும் அதில் இருக்கின்றன. மாத்திரை இல்லை என்று சொல்லும்போது அதைக் கையில் கொடுத்துவிடுகிறோம். பெரும்பாலானோர் படியிலேயே கசக்கிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். இரவில் கூட்டும்போது, கசங்காதவற்றை எடுத்து மறுபடியும் டப்பாவில் போடுகிறோம்.

அந்த அம்மாவின் மகன் இப்போது உயிரோடு இருக்கிறான், இரண்டு முறை வழுக்கி, மூன்றாம் முறையாகச் சிகிச்சையில் இருக்கிறான். மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனைச் சீட்டோடு அவனே வருகிறான். சீட்டைப் படித்து, பதிவேட்டில் அவன் முன்னிலையிலேயே பெயரை எழுதி, மருந்தைக் கொடுக்கிறேன். சென்ற மாதம் வந்தபோது, வெளியே வண்டியில் காத்திருந்த நண்பனுக்கென்று, கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த உதவி எண் சீட்டுகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனான்.

இப்படிக்கு,
திருப்பூர் மாவட்டத்தில் கடை நடத்தும் ஒரு மருந்தாளுநர்